கிணறு மாறினால் இயந்திரத்தையும் கொண்டுபோகலாம்: லினக்ஸ் வழங்கல் மாற்றும்போது சொந்தக் கெர்னலை இடம்பெயர்க்கும் வழி

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் போன மாரியில் தன் பழைய மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் கையாக வாங்கியது. மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஒலிபெருக்கி மட்டும் வாய் திறக்கவில்லை. ஹெட்போனில் பாட்டுக் கேட்கும், வெளியே கேட்காது. வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். அதன் ஒலி டிரைவரில் அந்த மடிக்கணினியின் அடையாள எண்ணைச் சேர்த்து ஒரேயொரு வரி எழுதியதும் குரல் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காக முழுக் கெர்னலையும் தொகுக்க, அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற, வேண்டியிருந்தது. மூலநிரல் பொதியே ஏறக்குறைய 140 மெகாபைட். அதைக் கைப்பேசி டேட்டாவில் இறக்கினோம். தொகுத்து முடிக்க ஒரு பின்னேரமும் ஓர் இரவும் போயின. நடுவில் இரண்டு தடவை மின்சாரம் நின்றது. நல்ல காலம், விட்ட இடத்திலிருந்து தொடர ‘மேக்’ கட்டளைக்குத் தெரியும்.

இரவு முழுவதும் நாங்கள் கெர்னல், கெர்னல் என்று கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா, காலையில் தேநீர் தரும்போது மெதுவாகக் கேட்டார்: “எந்தக் கேணலைப் பற்றி இவ்வளவு கதை?” வன்னியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் வேறு நினைவு வருகிற தலைமுறை அவருடையது.

ஆறு மாதம் கழித்து அதே தம்பி மறுபடியும் வந்தார். லினக்ஸ் மின்ட்டிலிருந்து ஃபெடோராவுக்கு மாறப்போகிறாராம். “திரும்பவும் முதலிலிருந்து தொகுக்க வேண்டுமா, அண்ணா?” என்றார். முகத்தில் அந்த இரவின் களைப்பு இன்னும் இருந்தது.

தேவையில்லை. வழங்கல் என்பது கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு. கெர்னல் எந்த வழங்கலுக்கும் சொந்தமானதன்று. மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாமே லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய அதே கெர்னலைத்தான் தத்தம் விருப்பத்துக்குத் திருத்தி வைத்திருக்கின்றன. மற்ற மென்பொருள்கள் சாய்ந்து நிற்கும் ஜிலிப்சி நூலகத்தையும் கெர்னல் நாடுவதில்லை. மேலே ஓடும் மென்பொருள்கள் பழுதாகிவிடாதபடி கெர்னலை மாற்ற வேண்டும் என்பது அதை உருவாக்குவோரின் கண்டிப்பான விதி. ஆகவே ஒரு வீட்டில், அதாவது ஒரு வழங்கலில், தொகுத்த கெர்னல் இன்னொரு வீட்டிலும் ஓடும்.

தோட்டக்காரருக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். காணி மாறும்போது நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போவோம். அதற்குப் பொருந்திய குழாய்களையும் எடுப்போம். ஆனால் இயந்திரம் இழுக்கத் தொடங்குவதற்கு முன் அதன் வாயில் ஊற்றுகிறோமே ஒரு வாளி தண்ணீர், அதைப் பழைய கிணற்றிலிருந்து யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. கெர்னல் படிமம்தான் இயந்திரம். மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டுகள், குழாய்கள். இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தொடக்கப் பொதிதான் அந்த வாளித் தண்ணீர். முதல் இரண்டையும் கொண்டுபோங்கள், மூன்றாவதைப் போன இடத்தில் அள்ளிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். எழுத்துக்கூட்டில் ஐயம் வந்தால் முதல் சில எழுத்துகளை அடித்து டாப் விசையை இரண்டு தரம் தட்டுங்கள், மீதியை டெர்மினலே காட்டும்.

கொண்டுபோகத்தான் வேண்டுமா?

மாறுவதற்கு முன் புதிய வழங்கலைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே மடிக்கணினியைத் தொடக்கிப் பாருங்கள். நீங்கள் எந்தக் குறைக்காகக் கெர்னலைத் தொகுத்தீர்களோ, அந்தக் குறை அங்கே இருக்கிறதா? உங்களுடையதைவிடப் புதிய கெர்னலோடு வருகிற வழங்கலில் அது ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். யாரோ ஒருவர் அதே வரியை எழுதி மூலக் கெர்னலுக்கு அனுப்பியிருப்பார். அப்படியென்றால் உங்களுடையதை மறந்துவிடுங்கள், மிச்சம் எதையும் வாசிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, திரை வெளிச்சம், தூக்கத்திலிருந்து எழுந்தபின் விசைப்பலகை வேலை செய்யாமை போன்ற கரைச்சல்கள் பலவும், கணினி எழும்போது கெர்னலை ஏற்றும் கிரப் என்ற நிரலில், கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் (கெர்னல் வரி) ஒரு சொல்லைச் சேர்த்தாலே தீர்ந்துவிடும். கெர்னலைத் தொகுப்பது பெருமையான வேலைதான். ஆனாலும் ஒரு சொல்லால் முடிவதற்கு ஓர் இரவைக் கொடுக்க வேண்டியதில்லை.

தம்பியின் ஒலிபெருக்கி ஃபெடோராவிலும் ஊமையாகவே இருந்தது. ஆகவே தொடர்ந்தோம்.

எதையெல்லாம் எடுப்பது?

முதலில் உங்கள் சொந்தக் கெர்னலில் மடிக்கணினியைத் தொடக்கி ‘யூநேம் -ஆர்’ என்று அடியுங்கள். வருகிற பெயரைத் தாளில் எழுதி வையுங்கள். எங்களுக்கு 6.6.30-வன்னி என்று வந்தது. தொகுக்கும்போது லோக்கல்வெர்ஷன் என்ற இடத்தில் நாங்களே சேர்த்த வால் அது. இந்தப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கெர்னல் தன் மாட்யூல்களைக் கண்டுபிடிக்காது. இனி இந்தப் பெயரை ‘முழுப்பெயர்’ என்றே சொல்கிறேன்.

எடுக்க வேண்டியவை நான்கு. பூட் அடைவில் ‘விஎம்லினக்ஸ்’ என்று தொடங்கி முழுப்பெயரில் முடியும் கோப்பு (லினக்ஸின் கடைசி எழுத்து இங்கே எக்ஸ் அன்று, இசட்). அதே இடத்தில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பு (கெர்னலில் எந்த வசதிகள் உண்டு என்ற பட்டியல்). ‘சிஸ்டம்.மேப்’ என்று தொடங்கும் கோப்பு (இதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எஸ்). பிறகு லிப் அடைவுக்குள் மாட்யூல்ஸ் என்ற அடைவில் முழுப்பெயரோடு இருக்கும் முழு அடைவு. அதே பூட் அடைவில் ‘இனிட்ஆர்டி’ என்று தொடங்கும் பெரிய கோப்பும் கண்ணில் படும். அதை எடுக்காதீர்கள். பழைய வழங்கலின் கருவிகளும் பழைய வன்தட்டுப் பகுதிகளின் அடையாள எண்களும் அதற்குள் இருக்கின்றன. புது வீட்டில் அது பழைய முகவரியைத் தேடிக்கொண்டு நிற்கும்.

இவற்றோடு நீங்கள் எழுதிய ஒட்டுக் கோப்பையும் (மூலநிரலில் செய்த மாற்றம் உள்ள ‘பேட்ச்’), மூலநிரல் பொதியையும், முன்பு ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கொடுத்து டெப் பொதிகள் (டெபியன் குடும்பத்தில் நிறுவும் பொதிகள்) உருவாக்கியிருந்தால் அவற்றையும் சேர்த்து வையுங்கள். கெர்னல் தொலைந்தாலும் ஒட்டும் கான்ஃபிக்கும் இருந்தால் மீண்டும் செய்துவிடலாம். அந்த இரண்டும் சில நூறு கிலோபைட் மட்டுமே, மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

பென்டிரைவுக்குக் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட வேண்டாம். பெரும்பாலான பென்டிரைவுகள் ஃபேட்32 முறையில் இருக்கின்றன. அது லினக்ஸின் அனுமதிகளையும் குறியீட்டு இணைப்புகளையும் காப்பாற்றாது. ‘சுடோ டார்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, அந்தப் பொதியை மட்டும் பிரதி எடுங்கள். பிறகு ‘எஸ்ஹெச்ஏ256சம்’ கொடுத்து வன்தட்டில் உள்ள பொதிக்கும் பென்டிரைவில் உள்ளதற்கும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். சந்தையில் கிடைக்கும் மலிவான பென்டிரைவுகளை நம்பி வன்தட்டை அழித்துவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

மாட்யூல் அடைவு ஒரு கிகாபைட்டைத் தாண்டினால் பிழைதேடும் தகவல்களையும் சேர்த்துத் தொகுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மூலநிரல் அடைவில் ‘இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1’ என்பதை (இது முழுவதும் பெரிய எழுத்துகளில்) சேர்த்து மாட்யூல்களை மறுபடி நிறுவினால் உடம்பு இளைத்துவிடும். செய்யாவிட்டால் புது இடத்தில் இனிட்ராம்எஃப்எஸ் வீங்கி, சிறிய பூட் பகுதி நிரம்பி, பாதியில் நிற்கும்.

புது வீட்டுக்குப் பொருந்துமா?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன். பழைய வழங்கல் அழிவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

கெர்னல் எந்த வழங்கலிலும் ஓடும் என்றேன். ஓடும், அந்த வழங்கல் எதிர்பார்க்கிற வசதிகள் அதில் இருந்தால். நேரத்தையும் டேட்டாவையும் மிச்சம் பிடிக்க நம்மில் பலர் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தே தொகுக்கிறோம். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது வெட்டிவிடும். பழைய வீட்டுக்கு அது போதும். புது வீடு வேறு எதையாவது கேட்டால் கையில் இராது.

கான்ஃபிக் கோப்பை ஓர் உரைத் திருத்தியில் திறந்து, நான் சொல்பவற்றைத் தேடிப் பாருங்கள். எதிரே ஒய் அல்லது எம் இருந்தால் வசதி உண்டு. ‘இஸ் நாட் செட்’ என்றிருந்தால் இல்லை.

கோப்பு முறைமையை முதலில் பாருங்கள். உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவை வழக்கமாக இஎக்ஸ்டி4 இல் நிறுவப்படுகின்றன. ஃபெடோராவின் மேசைப் பதிப்புகள் 2020 இல் வந்த 33 ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் முறைமையையே இயல்பாக வைத்திருக்கின்றன. மின்ட்டில் சுருக்கித் தொகுத்த கெர்னலுக்குப் பிடிஆர்எஃப்எஸ் என்றால் என்னவென்றே தெரியாது. தம்பியின் கெர்னலுக்கும் தெரியவில்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நிறுவும்போது பகுதிகளை நீங்களே பிரித்து இஎக்ஸ்டி4 ஐத் தெரிவு செய்வது ஒன்று. பழைய வீட்டில் மூலநிரல் அடைவு இன்னும் இருந்தால், அங்கேயே பிடிஆர்எஃப்எஸ்ஸைச் சேர்த்து மறுபடி ‘மேக்’ கொடுப்பது மற்றது. மாறிய பகுதிகள் மட்டுமே தொகுக்கப்படும் என்பதால் இரவு முழுவதும் போகாது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். எந்த வழியானாலும், திருத்திய கெர்னலைப் பழைய வழங்கலிலேயே ஒரு தடவை தொடக்கிப் பார்த்த பிறகுதான் பொதி கட்ட வேண்டும்.

அடுத்தது ஆர்டி_இசட்எஸ்டிடி. இப்போதைய வழங்கல்கள் பலவும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை இசட்எஸ்டிடி முறையில் சுருக்குகின்றன. அதை விரிக்கும் திறமை கெர்னலுக்கு 5.9 இலிருந்துதான் வந்தது. இந்தத் தெரிவு இல்லாத கெர்னல் வாளித் தண்ணீர் கையில் இருந்தும் மூடியைத் திறக்கத் தெரியாமல் நிற்கும். இதற்கு எம் போதாது, ஒய் என்றே இருக்க வேண்டும்.

ஃபெடோராவுக்குப் போகிறவர்கள் இசட்ராம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே வன்தட்டில் ஸ்வாப் பகுதி (நினைவகம் நிரம்பும்போது உதவும் இடம்) வைப்பதற்குப் பதிலாக நினைவகத்தின் ஒரு பங்கையே சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்துகிறார்கள். இசட்ராம் இல்லாத கெர்னல் அங்கே ஸ்வாப்பே இல்லாமல் ஓடும். 4 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியில் உலாவியைத் திறந்ததும் அதன் அருமை தெரியும்.

அதே ஃபெடோரா எஸ்இலினக்ஸ் என்ற காவலை நம்பியிருக்கிறது. உபுண்டு குடும்பத்தின் காவல் ஆப்ஆர்மர். உபுண்டுவின் கான்ஃபிக்கிலிருந்து பிறந்த கெர்னலில் எஸ்இலினக்ஸ் உள்ளே இருந்தாலும் உறங்கிக்கொண்டிருக்கும். ஃபெடோராவில் அப்படியே ஓடினால் கணினி எழும்பும், ஆனால் புதிதாக உருவாகும் கோப்புகளில் காவல் முத்திரை விழாது. பிறகு ஒருநாள் ஃபெடோராவின் சொந்தக் கெர்னலுக்குத் திரும்பினால், முத்திரை இல்லாத கோப்புகளை அது வாசலிலேயே மறித்துவிடும். கெர்னல் வரியில் ‘செக்யூரிட்டி=எஸ்இலினக்ஸ்’ என்று சேர்த்து எழுப்புங்கள். ஏற்கெனவே பிசகிவிட்டதென்றால் ‘சுடோ ஃபிக்ஸ்ஃபைல்ஸ் ஆன்பூட்’ கொடுத்து மறுதொடக்கம் செய்தால் எல்லாவற்றுக்கும் புதிய முத்திரை குத்தப்படும்.

உபுண்டுவை நோக்கிப் போகிறவர்களுக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் தேவை. 22.04 பதிப்பிலிருந்து அங்கே ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாகவே வருகிறது. ஸ்னாப் என்பது உண்மையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமம். அது இல்லாவிட்டால் எல்லாம் ஓடும், உலாவி மட்டும் திறக்காது. காரணம் கெர்னலில் இருக்கிறதென்று யாருக்கும் தோன்றாது.

கணினியைத் தொடக்கும் முறைகளில் பயாஸ் பழையது, யூஇஎஃப்ஐ புதியது. பழைய வழங்கலைப் பயாஸ் முறையில் வைத்திருந்து, புதியதை யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப் போகிறீர்களா? விஃபேட், அதனோடு என்எல்எஸ் வரிசையில் கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ8859-1 ஆகிய மூன்றும் வேண்டும். இவை இல்லாமல் இஎஃப்ஐ பகுதி ஏறாது. ஒரு சிறு பகுதி ஏறவில்லை என்பதற்காக, தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் முழுத் தொடக்கத்தையும் நிறுத்தி அவசர நிலைக்குள் தள்ளிவிடும். வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டப் போகிறவர்கள் டிஎம்_கிரிப்டையும் பாருங்கள்.

கடைசியாக நம்முடைய ஊருக்கு மட்டுமே உரிய ஒன்று. விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்களில் பலருக்குக் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து எடுப்பதே இணையம். தொகுத்த நேரத்தில் கைப்பேசி இணைக்கப்பட்டிருக்காவிட்டால், லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த மாட்யூலையும் வெட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட், சிலவற்றுக்கு சிடிசி_என்சிஎம், ஐபோனுக்கு ஐப்ஹெத். புது வழங்கலில் இணையமும் இல்லாமல், இணையத்தைக் கொண்டுவரும் மாட்யூலும் இல்லாமல் இருப்பது இறைக்கிற கயிறு கிணற்றுக்குள் விழுந்ததைப் போன்றது. அடுத்த தடவை தொகுக்கும்போது கைப்பேசி, டாங்கிள், வெளி வன்தட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை செருகி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிறுவுதல்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. புதிய வழங்கலை அதன் சொந்தக் கெர்னலோடு வழக்கம்போல் நிறுவுங்கள். எழுந்து, இணையம் கிடைத்து, ஒரு தடவை புதுப்பித்து முடியும் வரை பென்டிரைவைத் தொட வேண்டாம். அந்தச் சொந்தக் கெர்னலை என்றைக்கும் அழிக்கக் கூடாது. உங்களுடையது எழாத நாளில் உள்ளே நுழைய அதுதான் பின்வாசல்.

இறக்கி வைத்தல்

டெபியன் குடும்பத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு (மின்ட்டிலிருந்து டெபியன், டெபியனிலிருந்து உபுண்டு) வேலை மிகக் குறைவு. கையில் உள்ள கெர்னல் படிமத்தின் டெப் பொதியை ‘சுடோ டிபிகேஜி -ஐ’ கொடுத்து நிறுவினால், இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குவதையும் கிரப் பட்டியலைப் புதுப்பிப்பதையும் அதுவே செய்துவிடும். அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

மற்றவர்கள் பொதியைக் கையால் பிரிக்க வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இன்றைய வழங்கல்களில் லிப் என்பது உண்மையான அடைவன்று. யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் லிப்பைக் காட்டும் இணைப்பு மட்டுமே. உங்கள் பொதிக்குள் லிப் என்ற அடைவே ஒரு பதிவாக இருந்து, அதை நேராக எல்லா அடைவுகளுக்கும் மேலான ரூட் அடைவில் பிரித்தால், டார் அந்த இணைப்பைத் தூக்கிவிட்டு வெறும் அடைவை வைத்துவிடும். அதற்குப் பிறகு கோப்புப் பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ கூட ஓடாமல் போகலாம். ஆகவே உங்கள் வீட்டு அடைவில் தற்காலிகமாக ஓர் அடைவை உருவாக்கி, அதற்குள் பிரியுங்கள். பிறகு மாட்யூல் அடைவை யூஎஸ்ஆர், லிப், மாட்யூல்ஸ் என்ற இடத்துக்கு ‘சுடோ சிபி -ஏ’ கொடுத்துப் பிரதி எடுங்கள். கோப்புகளின் உரிமையாளர் ரூட்டாக இருக்கிறாரா என்று பார்த்து, இல்லாவிட்டால் மாற்றுங்கள். அந்த அடைவுக்குள் ‘பில்ட்’, ‘சோர்ஸ்’ என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். அவை காட்டும் பழைய வீடு இப்போது இல்லை, நீக்கிவிடுங்கள். அடுத்து ‘சுடோ டெப்மாட்’ என்று அடித்து இடைவெளி விட்டு முழுப்பெயரைக் கொடுங்கள்.

இனி அந்தந்த வழங்கலின் வழி. ஃபெடோராவில் ‘சுடோ கெர்னல்-இன்ஸ்டால் ஆட்’ என்று அடித்து, முழுப்பெயரையும் கெர்னல் படிமம் இருக்கும் இடத்தையும் கொடுங்கள். டிராகட்டை அழைத்து இனிட்ராம்எஃப்எஸ் செய்வது, தொடக்கப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கான்ஃபிக் கோப்பையும் சிஸ்டம்.மேப்பையும் முன்கூட்டியே பூட் அடைவில் போட்டு வையுங்கள்.

டெப் பொதி கையில் இல்லாமல் டெபியன் குடும்பத்துக்கு வருகிறவர்கள் மூன்று கோப்புகளையும் பூட் அடைவில் வைத்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ கொடுத்து முழுப்பெயரைச் சேர்க்க வேண்டும். அதன்பின் ‘அப்டேட்-கிரப்’. எந்தச் சுருக்க முறை உங்கள் கெர்னலுக்குச் சரிவரும் என்பதை இந்தக் கருவி பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தே சரிபார்க்கும். அதனால்தான் அந்தக் கோப்பையும் எடுக்கச் சொன்னேன்.

ஆர்ச்சில் படிமத்தை ‘விஎம்லினக்ஸ்-வன்னி’ என்று பூட் அடைவில் வைத்தால், ‘எம்கேஇனிட்சிபிஐஓ’ கட்டளைக்கு -கே தெரிவோடு முழுப்பெயரையும், -ஜி தெரிவோடு ‘இனிட்ராம்எஃப்எஸ்-வன்னி.ஐஎம்ஜி’ என்ற இடத்தையும் கொடுங்கள். இரண்டு கோப்புகளின் வாலும் ஒன்றாக இருந்தால்தான் ‘கிரப்-எம்கேகான்ஃபிக்’ அவற்றைச் சோடி சேர்க்கும்.

கையொப்பமுள்ள கெர்னலை மட்டுமே தொடக்க விடும் செக்யூர் பூட் இயங்கும் மடிக்கணினிகளில், நீங்கள் தொகுத்த கெர்னலுக்குக் கையொப்பம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முன்பே மோக் என்ற சொந்தக் கையொப்பச் சாவி உருவாக்கிக் கையொப்பமிட்டவர்களுக்கு நல்ல செய்தி: அந்தச் சாவியின் பதிவு வன்தட்டில் இல்லாமல் மடிக்கணினியின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. வன்தட்டை முழுவதும் துடைத்தாலும் அது போகாது. கையொப்பத்தோடு இருக்கும் படிமம் அப்படியே ஏற்கப்படும். சாவி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் இப்போதைக்குப் பயாஸ் திரையில் செக்யூர் பூட்டை நிறுத்தலாம். மடிக்கணினியில் விண்டோஸும் இருந்து, பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நிறுத்துங்கள்.

முதல் தொடக்கம்

மறுதொடக்கம் செய்து, கிரப் பட்டியலில் உங்கள் கெர்னலைக் கையால் தெரிவு செய்யுங்கள். பட்டியல் தெரியாவிட்டால், யூஇஎஃப்ஐ மடிக்கணினியில் தொடக்கத்தில் எஸ்கேப் விசையையும், பழைய பயாஸ் மடிக்கணினியில் ஷிஃப்ட்டையும் பிடியுங்கள். பதிப்பு எண் கூடிய கெர்னலையே கிரப் பெரும்பாலும் முதலில் நிறுத்தும். உங்களுடையது இயல்பாகவே முன்னால் வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்ததும் ‘யூநேம் -ஆர்’. முழுப்பெயர் வந்தால் பாதி வெற்றி. ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் ‘எல்எஸ்மாட்’ நீண்ட பட்டியலைக் காட்டினால் மீதியும் வெற்றி. பிறகு வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், தூங்கி எழும்புதல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தம்பி முதலில் தொட்டது ஒலிபெருக்கியைத்தான். ஒரு கோயில் நாதஸ்வரப் பதிவை முழுச் சத்தத்தில் விட்டார். பின்வளவில் நின்ற கோழிகள் சிதறி ஓடின.

எழாவிட்டால்

திரையில் கெர்னல் பேனிக் என்ற வரியோடு ‘அன்நோன்-பிளாக்’, அடைப்புக்குள் இரண்டு சுழியம் என்று தெரிந்தால், வாளித் தண்ணீர் கிடைக்கவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவே இல்லை, அல்லது சுருக்கத்தை விரிக்கக் கெர்னலுக்குத் தெரியவில்லை. பின்வாசலால் நுழைந்து பூட் அடைவில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனிக் இல்லாமல், கறுப்புத் திரையில் டிராகட் அல்லது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு கட்டளை கேட்டு நின்றால், தண்ணீர் கிடைத்தது, கிணற்றைக் காணவில்லை என்று பொருள். வன்தட்டின் டிரைவரோ கோப்பு முறைமையோ கெர்னலில் இல்லை. என்விஎம்இ வன்தட்டா, பிடிஆர்எஃப்எஸ் பகுதியா என்று மேலே சொன்ன சரிபார்ப்புக்குத் திரும்புங்கள்.

எழுந்துவிட்டது, ஆனால் வைஃபை இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ‘எல்எஸ்மாட்’ வெறுமையாக இருந்தால் மாட்யூல் அடைவின் பெயர் முழுப்பெயரோடு பொருந்தவில்லை. பட்டியல் நிறைய இருந்தும் வைஃபை இல்லையென்றால் ‘சுடோ டிஎம்இஎஸ்ஜி’ கொடுத்து ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். வைஃபை சில்லு போன்றவற்றுக்குள் ஏற்றும் இந்த ஃபர்ம்வேர் கெர்னலோடு வருவதில்லை; அது வழங்கலின் தனிப் பொதி. டெபியன் 2023 இல் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்துதான் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்த்தது. அதற்கு முந்தியதை நிறுவியவர்கள் தனியே எடுக்க வேண்டும். அண்மைய இன்டெல் மடிக்கணினிகளில் ஒலி வராததற்கும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் பொதி இல்லாமைதான் பல நேரம் காரணம்.

தனி டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு

என்விடியாவோ சில வைஃபை சில்லுகளோ வெளியிலிருந்து வரும் டிரைவரைக் கேட்கும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதை ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகத் தொகுக்கிறது. அதற்குக் கெர்னல் ஹெடர்கள் தேவை. கெர்னல் ஜிலிப்சியை நாடாது என்று சொன்னேன், ஹெடர் பொதி நாடும். அதற்குள் தொகுக்க உதவும் சிறிய நிரல்கள் இருக்கின்றன, அவை தொகுத்த வீட்டின் ஜிலிப்சியோடு பிறந்தவை. புதிய வழங்கலில் உருவாக்கிப் பழைய வழங்கலுக்குக் கொண்டுபோனால் ‘ஜிலிப்சி நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும். பழையதிலிருந்து புதியதற்குப் போவது பெரும்பாலும் சிக்கலில்லை. கம்பைலரின் பதிப்பு மிகவும் விலகியிருந்தாலும் குழப்பம் வரும். இந்த நிலையில் உள்ளவர்கள் இடம்பெயர்ப்பதை விட்டுவிட்டு, ஒட்டையும் கான்ஃபிக்கையும் மட்டும் கொண்டுபோய் அங்கேயே தொகுப்பதுதான் என் யோசனை.

அப்படித் தொகுக்கும்போது பலரைத் தடுக்கும் கல் ஒன்று உண்டு. உபுண்டு, டெபியன் கான்ஃபிக்குகளில் ‘சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்’ என்ற இடத்தில் அந்த வழங்கலின் சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பு உங்களிடம் இல்லாததால் தொகுப்பு பாதியில் முறியும். மேற்கோள் குறிகளுக்கு இடையில் உள்ளதை அழித்து வெறுமையாக்குங்கள். உபுண்டு கான்ஃபிக்கில் ‘சிஸ்டம்_ரிவொகேஷன்_கீஸ்’ என்பதையும் அதேபோல் செய்யுங்கள்.

பிறகு

இடம்பெயர்ந்த கெர்னலுக்கு வழங்கலின் பாதுகாப்புத் திருத்தங்கள் வரா. நீங்கள் புதுப்பிக்கும்போதெல்லாம் வழங்கலின் கெர்னல் மட்டுமே புதிதாகும், உங்களுடையது அப்படியே நிற்கும். 6.6 போன்ற நீண்டகால வரிசையைத் தெரிவு செய்தவர்கள், வசதியான ஒரு நாளில் அதே வரிசையின் புதிய மூலநிரலை இறக்கி, பழைய கான்ஃபிக்கை உள்ளே வைத்து, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுத்துப் புதிதாகத் தொகுக்கலாம். 2022 இன் பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின் வெட்டு இருந்தபோது அது கனவு. இப்போது ஓர் இரவு மின்சாரத்தை நம்பலாம்.

இந்தக் கெர்னலை நண்பருக்குக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டார். அதே மாதிரி மடிக்கணினியாக இருந்தால் பார்க்கலாம். வேறு மாதிரியென்றால், லோக்கல்மாட்கான்ஃபிக்கில் வெட்டிய கெர்னலுக்கு அந்த மடிக்கணினியின் வன்தட்டே தெரியாமல் போகலாம். ஒட்டுக் கோப்பைக் கொடுங்கள், போதும்.

வழங்கலின் கெர்னலிலேயே உங்கள் குறை ஒருநாள் தீர்ந்துவிட்டால், முதலில் அந்தக் கெர்னலில் தொடக்கி, ‘யூநேம் -ஆர்’ கொடுத்து, ஓடிக்கொண்டிருப்பது உங்களுடையது அல்ல என்பதை உறுதி செய்யுங்கள். ஃபெடோராவில் ‘கெர்னல்-இன்ஸ்டால் ரிமூவ்’ என்று அடித்து முழுப்பெயரைக் கொடுங்கள். டெப்பாக நிறுவியவர்கள் அந்தப் பொதியை ‘ஏபிடி ரிமூவ்’ கொடுத்து எடுங்கள். மற்றவர்கள் பூட் அடைவில் முழுப்பெயரோ நீங்கள் வைத்த வாலோ உள்ள கோப்புகளை அழித்து, கிரப் பட்டியலைப் புதுப்பியுங்கள். கையால் பிரதி எடுத்த மாட்யூல் அடைவு மிஞ்சியிருந்தால் அதையும் அழியுங்கள்.